கேள்வி - பதில்: ரூபாவிலா, பவுணிலா?

கேள்வி: லண்டன் கடைகளில் கடனட்டையைக் கொடுத்தால், 'இலங்கை ரூபாவா, பவுணா?' என்று மெஷின் கேட்குமாம். ரூபாவை அழுத்தினால் எவ்வளவு போகிறது என்று உடனே தெரிந்துவிடும். அதுதானே நல்லது?
- வாசகி, வெள்ளவத்தை

தெரியும்தான், ஆனால் கூடுதலாகக் கட்டிவிட்டுத்தான் தெரிந்துகொள்வீர்கள். பவுணையே அழுத்துங்கள். ரூபாவைத் தெரிவு செய்த கணத்தில் மாற்று விகிதம் உங்கள் வங்கியின் கையிலும் இல்லை, வீசா, மாஸ்டர்கார்ட் கையிலும் இல்லை. அந்த மெஷினை நடத்தும் கம்பனி சொல்வதுதான் விகிதம். அதன் இலாபமும், சில வேளை கடைக்காரரின் பங்கும் அதற்குள்ளேயே ஒளிந்திருக்கும்.

கணக்குக்காக ஒரு பவுண் 400 ரூபா என்று வைப்போம். 100 பவுண் பில்லுக்கு 40,000 ரூபா. கம்பனி 5 வீதம் ஏற்றியிருந்தால் திரையில் 42,000 என்று வரும். அதோடும் முடியாது. ரூபாவில் எடுக்கப்பட்டாலும் கடை வெளிநாட்டில் இருப்பதால், அதற்கென்று தனிக் கட்டணம் அறவிடும் வங்கிகள் இங்கே பல உண்டு.

பவுணில் எடுத்தால் செலவே இல்லை என்று நினைக்க வேண்டாம். வீசா, மாஸ்டர்கார்ட் போன்ற அட்டை வலையமைப்பின் விகிதம், அதன் மேல் உங்கள் வங்கியின் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம், கடனட்டை என்றால் அரசாங்க முத்திரை வரி என்று மூன்றும் சேரும். வங்கியின் வீதத்தைப் புறப்படுமுன் கேட்டு வையுங்கள். வீசா, மாஸ்டர்கார்ட் இரண்டின் இணையத்தளங்களிலும் அன்றைய விகிதத்தைக் கணக்கிடும் வசதி இருக்கிறது. ஆனால் நீங்கள் வாங்கிய நாளின் விகிதம் அல்ல, பரிவர்த்தனை கணக்கில் பதிவாகும் நாளின் விகிதமே உங்கள் கணக்குக் கூற்றில் வரலாம். பொருளைத் திருப்பிக் கொடுத்தாலும் இதே கதைதான். பவுண் தொகை சரியாக வரும், ரூபாவில் கொஞ்சம் உதைக்கும்.

பெரும்பாலும் பிழை நடப்பது ஓரிடத்தில். காசாளரே உங்களைக் கேட்காமல் ரூபாவை அழுத்திவிடுவார். அட்டையைத் தட்டுமுன் அல்லது இரகசிய இலக்கத்தை (PIN) அடிக்குமுன் திரையைப் பாருங்கள். ரூபா தெரிந்தால் ரத்துச் செய்து மறுபடி போடச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டு வந்த பிறகு கண்டுபிடித்தாலும், கடையை விட்டு வெளியேறுமுன் ரத்துச் செய்து பவுணில் எடுக்கச் சொல்லலாம். வீட்டுக்கு வந்து வங்கியோடு வாதாடுவது வீண்.

ஏ.ரி.எம். இதே கேள்வியைச் சுற்றி வளைத்துக் கேட்கும்: 'இந்த விகிதத்தை ஏற்கிறீர்களா?' ஏற்கவில்லை என்று அழுத்தினால் காசு வராது என்று பயந்து பலரும் சம்மதித்துவிடுகிறார்கள். மறுத்தாலும் காசு வரும். மாற்றும் வேலை உங்கள் வங்கிக்குப் போகும், அவ்வளவுதான்.

கேள்வி: அண்ணா முன்பு தந்த 20, 50 பவுண் தாள்கள் அலுமாரியில் இருக்கின்றன. லண்டனில் செல்லுமா? கையில் எவ்வளவு காசு வேண்டும்?
- வாசகர், கொட்டாஞ்சேனை

காகிதத் தாள் என்றால் கடையில் செல்லாது. 20, 50 பவுண் காகிதத் தாள்களின் செல்லுபடி 2022 செப்டெம்பர் 30-உடன் முடிந்தது. இப்போதுள்ளவை பிளாஸ்டிக்; ஒளி ஊடுருவும் ஜன்னல் இருக்கும். காகிதத் தாள்களை அந்நாட்டு மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி (Bank of England) எப்போதும் மாற்றித் தரும். லண்டனில் அதன் கருமபீடத்துக்கு நேரில் போகலாம், கடவுச்சீட்டை மறக்கவேண்டாம். அங்குள்ள சில தபாலகங்களும் 300 பவுண் வரை மாற்றுகின்றன.

லண்டனில் காசுக்கு வேலை குறைவு. பஸ்ஸில் 2014 முதல் காசு எடுப்பதே இல்லை. தட்டும் அட்டையே போதும். ஆனால் ஓர் அட்டையில் ஒருவர்தான் போகலாம். சுரங்க ரயிலில் ஏறும்போது தட்டிய அட்டையையே இறங்கும்போதும் தட்டவேண்டும். ஏறும்போது கைபேசி, இறங்கும்போது பிளாஸ்டிக் அட்டை என்றால், இரண்டும் ஒரே கணக்காக இருந்தாலும் இரண்டு முடியாத பயணமாகக் கருதி உச்சக் கட்டணம் பிடிப்பார்கள்.

கேள்வி: கல்யாணப் புடவை எடுக்கச் சென்னை போகிறோம். அட்டை மட்டும் போதுமா?
- வாசகி, தெஹிவளை

தியாகராய நகரின் பெரிய கடைகளில் போதும். ஆட்டோ, பூக்கடை, தேநீர்க்கடை எல்லாம் கியூ.ஆர். காட்டுவார்கள். அது யு.பி.ஐ. என்ற இந்தியக் கைபேசிக் கொடுப்பனவு முறை; சாதாரணமாக இந்திய வங்கிக் கணக்கோடு இணைந்தது, நம் லங்கா கியூ.ஆர். செயலி அதை வாசிக்காது. ஆகவே சில்லறையாக இந்திய ரூபா வேண்டும். யாராவது 2000 ரூபாத் தாள் தந்தால் வாங்காதீர்கள், 2023 மே மாதம் அதைப் புழக்கத்திலிருந்து மீளப் பெற அறிவித்துவிட்டார்கள். டொலரை அங்கே மாற்றக் கடவுச்சீட்டு வேண்டும், பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். தாளாக 5,000 டொலருக்கு மேல் கொண்டுபோனால் இந்தியச் சுங்கத்தில் அறிவிக்கவேண்டும். இங்கே டொலர் வாங்கும்போது கிழிசல், பேனாக் கிறுக்கல், முத்திரை உள்ள தாள்களைத் திருப்பிக் கொடுங்கள். அங்கே அவற்றை வாங்க மாட்டார்கள், வாங்கினாலும் குறைத்துத்தான் தருவார்கள்.

கேள்வி: சிங்கப்பூர் ஹோட்டலில் முற்பணத்துக்கு டெபிட் அட்டை கொடுக்கலாமா?
- வாசகர், பம்பலப்பிட்டி

கொடுக்காதீர்கள். ஹோட்டல் தொகையை எடுக்காது, முடக்கி வைக்கும். கடனட்டையில் அது உங்கள் எல்லையைக் குறைக்கும். டெபிட்டில் சொந்தக் காசு சிக்கிக்கொள்ளும். ஹோட்டல் விடுவித்தாலும் கணக்கில் திரும்பத் தெரிய பல நாட்கள் ஆகலாம். ஏ.ரி.எம். இல் இதற்கு நேர்மாறு. அங்கே டெபிட்டைப் போடுங்கள். கடனட்டையில் காசு எடுத்தால் காசு எடுத்ததற்கென்று தனிக் கட்டணமும், எடுத்த நாளிலிருந்தே வட்டியும் ஓடும்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து இணையத்தில் டிக்கெட் எடுக்கும்போது ஓ.ரி.பி. (வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவு இலக்கம்) வருமா?
- வாசகர், மட்டக்குளி

இலங்கைச் சிம்முக்கே வரும். ரோமிங்கை இங்கேயே செயற்படுத்தி, சிம்மைக் கழற்றாமல் வையுங்கள். உள்ளூர்ச் சிம்மை இரண்டாவது இடத்தில் போடலாம். அட்டையில் வெளிநாட்டுப் பாவனை திறந்திருக்கிறதா என்று வங்கிச் செயலியில் பாருங்கள். அட்டையின் பின்பக்கத்திலுள்ள அவசரத் தொலைபேசி இலக்கத்தைத் தனியாக எழுதி வையுங்கள், அட்டை தொலைந்தால் அதுவும் சேர்ந்தே தொலையும்.