ஆதரவுக் குடியிருப்பை விட்டு இப்போதே கிளம்பலாமா?

கேள்வி: கணவரின் அடி உதை தாங்காமல் 2 பிள்ளைகளோடு வெளியேறி, பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஆதரவுக் குடியிருப்பில் 15 மாதமாக இருக்கிறேன். சம்பளத்தில் 30 சதவீதம் வாடகை. இன்னும் 9 மாதம் இருக்கலாம் என்கிறார்கள். இப்போது நிரந்தர வேலை கிடைத்துவிட்டது. 3 மாதச் சம்பளம் அளவுக்குச் சேமிப்பு இருக்கிறது. என் பெயரில் கணவர் எடுத்த கடன் ஒன்று ஓடுகிறது. அதை அடைத்துவிட்டுத் தனி வீடு பார்த்துப் போய்விடலாமா? பிறர் தயவில் இருப்பது கூச்சமாக இருக்கிறது.
– பெயர், ஊர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, ஊரைச் சொல்லாமல் விட்டீர்களே, அது சரியான முடிவு. அந்த எச்சரிக்கையைக் கடைசிவரை விடாதீர்கள்.

கூச்சத்துக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். உங்கள் சம்பளம் 100 என்று வைத்துக்கொள்வோம். இப்போது வாடகைக்கு 30 போகிறது. வெளியே இதே அளவு வீட்டுக்கு 50 ஆகிறது என்றால், மாதம் 20 துண்டு விழும். முன்பணம், வீடு மாற்றும் செலவு தனி. பிள்ளைகளோடு பேசும் மனநல ஆலோசகர், கோர்ட்டுக்குக் கூடவே வரும் பணியாளர், ராத்திரி பயந்தால் கூப்பிட ஒரு ஆள், இவையெல்லாம் இப்போது காசில்லாமல் கிடைக்கின்றன. இந்தத் திட்டங்களைப் பல மாதங்களுக்கு வகுத்திருப்பதே, உங்களைப் போன்றவர்கள் அடித்தளம் போட அவ்வளவு காலம் பிடிக்கும் என்பதால்தான். அமெரிக்காவில் அரசு நிதியில் நடக்கும் இடைக்கால வீட்டுத் திட்டங்கள்கூட 6 முதல் 24 மாதம் வரை என்றுதான் வைத்திருக்கிறார்கள். உங்களுக்கென ஒதுக்கிய காலத்தை முழுசாகப் பயன்படுத்துங்கள். 9 மாதமும் இருங்கள்.

இருந்துகொண்டே ஒத்திகை பாருங்கள். இந்த மாதத்திலிருந்து வெளி வாடகை கட்டுவதாகவே நினைத்து, அந்த 20-ஐச் சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்கில் போடுங்கள். 9 மாதத்தில் 180 சேரும், கிட்டத்தட்ட 2 மாதச் சம்பளம். முன்பணத்துக்கு அது கைகொடுக்கும். அதைவிட முக்கியம், மிச்சம் 50-இல் குடும்பம் நடத்த முடிகிறதா என்பது இப்போதே தெரிந்துவிடும். மூன்றாவது மாதமே திணறினால், தேட வேண்டியது சின்ன வீடு என்று புரியும். அதைக் குடியேறிய பிறகு தெரிந்துகொள்வது ரொம்பக் கஷ்டம்.

அடுத்து கடன். சேமிப்பை எடுத்து மொத்தமாக அடைக்க வேண்டாம். கையில் காசில்லாமல், அதே வீட்டுக்குத் திரும்பிப் போன பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த 3 மாதச் சம்பளம் உங்களுக்கும் அந்த வாசலுக்கும் நடுவே நிற்கும் சுவர். கடன் பத்திரத்தின் நகலை வாங்கி, பணம் யார் கணக்கில் விழுந்தது, கையெழுத்து யாருடையது என்று பாருங்கள். மிரட்டிக் கையெழுத்து வாங்கியிருந்தாலோ, உங்களுக்கே தெரியாமல் எடுத்திருந்தாலோ இலவச சட்ட உதவி மையத்தில் காட்டுங்கள். இந்தியாவின் 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் இங்கிலாந்தின் 2021 குடும்ப வன்முறைச் சட்டமும் பணத்தை வைத்துச் செய்யும் கொடுமையையும் குடும்ப வன்முறை என்றே சொல்கின்றன. அதனால் கடன் தானாக ரத்தாகிவிடாது. ஆனால் வழக்கில் நஷ்ட ஈடு கேட்கவும், கடன் கொடுத்தவரிடம் தவணையைக் குறைக்கப் பேசவும் இந்தத் தாள்கள் வேண்டும். அதுவரை ஓடுகிற தவணையை மட்டும் சமாளியுங்கள். போனில் எதற்கும் சரி என்று சொல்லிவிடாதீர்கள், எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

பலர் கவனிக்காமல் விடுகிற விஷயம் ஒன்று. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதை வங்கிக் கணக்கே காட்டிக்கொடுத்துவிடும். கூட்டுக் கணக்கின் கார்டை ஒரு தடவை தேய்த்தால் போதும், எந்தக் கடை, எந்தப் பகுதி என்று ஸ்டேட்மெண்டில் வந்துவிடும். பிள்ளைகளின் சேமிப்புக் கணக்கில் அப்பா காப்பாளராக இருந்தால், அதில் மாற்றிய முகவரி அவர் கண்ணில் படலாம். அப்புறம், பாஸ்வேர்டு மறந்தால் கேட்கும் ரகசியக் கேள்விகள்! முதல் பள்ளிக்கூடம், பிறந்த ஊர், செல்லப் பெயர் எல்லாம் கூடவே வாழ்ந்தவருக்குத் தெரியும். பொய்யான பதில்களைக் கொடுத்து, நீங்கள் மட்டும் நினைவில் வையுங்கள். சம்பளம் வர வேறொரு வங்கியில் புதுக் கணக்கு, புது ஈமெயில். காப்பீட்டில் நாமினி இன்னும் அவர்தானா என்றும் பாருங்கள். அனேகமாக அப்படித்தான் இருக்கும்.

வீடு மாறும்போது, குடியிருப்பில் உங்கள் பெயரில் இருக்கும் ஃபைலை மூடிவிடச் சொல்லாதீர்கள். பல குடியிருப்புகளில் வெளியே போன பிறகும் சில மாதம் பணியாளர் வந்து பார்ப்பார், போனில் பேசுவார். முதல் மின் கட்டணம், வீட்டுக்காரரோடு முதல் தகராறு, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து வேலைக்குப் போக முடியாத வாரம், இதெல்லாம் அந்தச் சமயத்தில்தான் வரும். பிரிந்து வந்த பிறகும் கணவரால் ஆபத்து இருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள். எத்தனை மாதம் வருவீர்கள், எதற்கெல்லாம் கூப்பிடலாம், கோர்ட் வாய்தாவுக்கு யார் வருவார் என்று இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். வருவதாகச் சொல்லும் காலம் வழக்கு முடியும் முன்பே தீர்ந்துவிடும் போலிருந்தால், நீட்டிக்கச் சொல்லிக் கேளுங்கள்.