தாய்ப்பால், பரம்பரை, பதின்வயதில் கூடும் எடை: குழந்தைகள் நல மருத்துவர் பதில்கள்

கேள்வி (ஈரோட்டிலிருந்து ஒரு அம்மா): பையனுக்கு 14 வயது, 78 கிலோ. எனக்குப் பால் போதாமல் மூன்றாம் மாதத்திலேயே பவுடர் பாலுக்கு மாறிவிட்டேன். "நீ ஒழுங்கா பால் கொடுத்திருந்தா இப்படி உடம்பு போட்டிருக்குமா?" என்று மாமியார் இன்றைக்கும் கேட்கிறார்.

பெரும்பாலும் போட்டிருக்கும் அம்மா. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1996-97இல் பெலாரஸ் நாட்டின் 31 மகப்பேறு மருத்துவமனைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பதுபோலப் பிரித்தார்கள். ஒரு பக்கம் தாய்மார்கள் தொடர்ந்து பாலூட்டத் தீவிர உதவி. மறுபக்கம் வழக்கமான கவனிப்பு. கனடா மருத்துவர் மைக்கேல் கிரேமர் தலைமையில், 17,000க்கும் மேற்பட்ட குழந்தைகள். மூன்றாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டுமே குடித்தவர்கள் உதவி கிடைத்த பக்கம் 43 சதவீதம், மறுபக்கம் 6 சதவீதம்தான். அதே பிள்ளைகளை ஆறரை வயதிலும் பதினொன்றரை வயதிலும் 16 வயதிலும் எடை பார்த்தால், உதவி கிடைத்த பக்கம் பருமன் குறையவே இல்லை.

அங்கே எல்லாத் தாய்மார்களும் பாலூட்டத் தொடங்கியவர்கள்தான். ஒரு சொட்டுகூடக் குடிக்காத குழந்தையோடு ஒப்பிட்டதில்லை. ஆனால் உங்கள் கதைக்கு இது அப்படியே பொருந்தும். அதே ஆய்வில் முதல் வருடத்தில் வயிற்றுப்போக்கும் தோலில் வரும் கரப்பானும் குறைந்தன. தாய்ப்பால் கொடுக்க அந்தக் காரணங்களே போதும், எடையை இழுக்க வேண்டியதில்லை. மாமியாரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: தாய்ப்பால் குடித்தவர்கள் ஒல்லியாக இருப்பார்கள் என்று எத்தனையோ ஆய்வுகள் சொல்கின்றனவே, டாக்டர்?

சொல்கின்றன. இங்கிலாந்தில் படித்த, வசதியான வீட்டுத் தாய்மார்களே அதிக நாள் பாலூட்டுகிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் ஒல்லியாக இருக்க வேறு பத்துக் காரணம் உண்டு. பிரேசிலில் பெலோட்டாஸ் என்ற ஊரில் பாலூட்டலுக்கும் வசதிக்கும் அப்படியொரு தொடர்பு கிடையாது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரப் பிள்ளைகளிடம் தெரிந்த ஒல்லி அங்கே தெரியவில்லை.

கேள்வி (மதுரை): அப்பா, தாத்தா, நான், எல்லாருமே பூசின உடம்பு. மகனுக்கும் அதே தலையெழுத்துதானா?

பரம்பரையின் பங்கு பெரியது, மறுக்க மாட்டேன். டென்மார்க்கில் தத்துப் போன பிள்ளைகளை, அவர்கள் பெரியவர்களானபின் பார்த்த ஆய்வு 1986இல் வெளியானது. அவர்களுடைய உடல்வாகு பெற்றவர்களை ஒத்திருந்தது. சோறு போட்டு வளர்த்தவர்களை ஒத்திருக்கவில்லை.

அதற்காக ஒரே ஒரு மரபணுவைத் தேட வேண்டாம். 2007இல் கண்டுபிடித்த எஃப்டிஓ பிரபலமானது. அம்மா, அப்பா இரண்டு பக்கமிருந்தும் அதன் எடைகூட்டும் வகையை வாங்கியவருக்கு, வாங்காதவரைவிடச் சராசரியாக 3 கிலோதான் கூடுதல். இப்படிச் சின்னச் சின்னதாகப் பல சேர்கின்றன. 2019இல் அத்தனையையும் கூட்டி மதிப்பெண் போட்டார்கள். பிறக்கும்போது மேல்மட்ட மதிப்பெண்காரருக்கும் கீழ்மட்டத்தாருக்கும் எடையில் வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். 18 வயதில் 12 கிலோ! நடுவில் நடந்ததெல்லாம் பசியும் தட்டும்தான். இவற்றில் பல மரபணுக்கள் வேலை செய்யும் இடம் மூளை. 'போதும்' என்ற உணர்வு சிலருக்கு மெதுவாக வருகிறது. அப்படிப்பட்ட பிள்ளையிடம் மனக்கட்டுப்பாடு பற்றிப் பாடம் எடுத்துப் பயனில்லை. பிஸ்கட் டப்பாவை வாங்காமல் இருப்பது உங்கள் கையில்.

கேள்வி: அப்படியானால் ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா?

பொதுவாக வேண்டாம். ஐந்து வயதுக்குள்ளேயே கடுமையான பருமன், அடங்காத பசி, வளர்ச்சியில் பின்தங்கல் என்றால் மட்டும் பேசலாம். 1997இல் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் விவரித்த ஒரு சிறுமி எட்டு வயதில் 86 கிலோ இருந்தாள். பிறந்தபோது எடை சாதாரணம்தான். உடம்பில் லெப்டின் ஹார்மோன் சுரக்கவே இல்லை. அதை ஊசியாகக் கொடுத்ததும் பசி அடங்கியது. மிக அபூர்வம்.

கேள்வி (ஒரு பாட்டி): பேரனுக்கு நாலு மாசம், புட்டிப்பால். மிச்சம் வைத்தால் தூங்கிய பிறகாவது குடிக்க வைத்துவிடுவேன். சரிதானே?

வேண்டாம் பாட்டி. முகத்தைத் திருப்புகிறான், உதட்டை மூடுகிறான் என்றால் போதும் என்று அர்த்தம், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். டப்பாவில் 30 மில்லி தண்ணீருக்கு ஒரு ஸ்கூப் என்று போட்டிருந்தால் தலைதட்டிய ஒரு ஸ்கூப். குவித்துப் போட்டால் பால் கெட்டியாகிவிடும்.

ஒரு வயதுவரை பவுடருக்குப் பதில் பசும்பால் வேண்டாம். தாய்ப்பாலில் 100 மில்லிக்குப் புரதம் ஒரு கிராம் சொச்சம். பசும்பாலில் மூன்று கிராமுக்கு மேல். ஐரோப்பாவில் ஐந்து நாடுகளில் புரதம் அதிகமான பவுடரையும் குறைவானதையும் கொடுத்து ஒப்பிட்டார்கள். அதிகப் புரதம் குடித்தவர்களுக்கு ஆறு வயதில் பருமன் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. குழந்தை கொழுகொழுவென்று இருந்தால்தான் ஆரோக்கியம் என்ற நம் பேச்சுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் ஓய்வு கொடுக்கலாம்.

கேள்வி: மகளுக்கு 13 வயது, குண்டு. கழுத்தைச் சுற்றிக் கறுப்பு, எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

தேய்க்காதீர்கள், அது அழுக்கில்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது தோல் அப்படித் தடித்துக் கறுக்கும். வெறும் வயிற்றில் சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் பரிசோதனைகளோடு ரத்த அழுத்தமும் பார்த்துவிடுங்கள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். எடை குறைந்தால் கறுப்பும் மெல்ல மங்கும்; அதற்கென்று விற்கும் கிரீம் எதுவும் வாங்க வேண்டாம்.