வழக்கு இழுப்பது எங்கே ஆரம்பிக்கிறது? – சட்டம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் மனைக்குள் பக்கத்து மனைக்காரர் நாலடி தள்ளிச் சுவர் எழுப்பிவிட்டார். பேசிப் பார்த்தோம், மசியவில்லை. வழக்குப் போடலாம் என்றால், சிவில் கேஸ் பேரன் காலம் வரை நடக்கும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். சீக்கிரம் முடிக்க வழியே இல்லையா? (பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகி)

பதில்: நீதிமன்றங்களில் வழக்குகள் குவிந்து கிடப்பது உண்மைதான், அதை நீங்களோ நானோ மாற்ற முடியாது. ஆனால் நான் பார்க்கும் பல வழக்குகளில் காலத்தைத் தின்றது அந்தக் கூட்டம் அல்ல, பிராது (வழக்கு தொடுக்கும் மனு) போட்ட அன்று விட்டுப்போன ஏதோ ஒன்று. சொத்து விவரத்தில் ஓர் எல்லை தவறு, ஒரு வாரிசைச் சேர்க்கவில்லை, ஒரு பத்திரத்தை இணைக்கவில்லை. இப்படி ஒவ்வொன்றுக்கும் பிறகு ஓர் இடைக்கால மனு, அதற்கு எதிர்தரப்பு ஆட்சேபணை, உத்தரவு, அதன்மேல் சீராய்வு மனு என்று மூல வழக்கு அப்படியே நிற்கும்.

அதனால் முதலில் அளவை. நீதிமன்றம் போகும் முன்பே சர்வேயரை வைத்து அளந்து, புல வரைபடத்தோடு (சர்வே துறையின் நில அளவு வரைபடம்) ஒப்பிட்டு, ஆக்கிரமித்த துண்டு எவ்வளவு, அதன் நான்கெல்லை என்ன என்று கையில் வைத்துக்கொள்ளுங்கள். முழு மனையின் விவரம் தனியாக, அந்தத் துண்டின் விவரம் தனியாக பிராதில் வரவேண்டும். இது குழம்பினால் நீங்கள் ஜெயித்தாலும் தீர்ப்பை நிறைவேற்றும்போது அமீனா (நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றும் ஊழியர்) எந்த இடத்தை எடுத்துக் கொடுப்பது என்று தெரியாமல் நிற்பார்.

அடுத்தது, என்ன கேட்கிறீர்கள் என்பது. கோர்ட் கட்டணம் குறையும் என்று வெறும் தடை உத்தரவு மட்டும் கேட்டு வழக்குப் போடுவது நம் ஊர்ப் பழக்கம். உங்கள் விஷயத்தில் அது போதாது. உரிமையே தகராறில் இருந்து, சுவாதீனமும் (இடம் கைவசம் இருப்பதும்) கைவிட்டுப் போயிருந்தால், உரிமை விளம்புகையும் (சொத்து உங்களுடையது என்று நீதிமன்றம் அறிவிப்பதையும்) சுவாதீனமும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. சுவரை அகற்றும் பரிகாரத்தையும் இப்போதே கேளுங்கள். கேட்டிருக்கக்கூடிய பரிகாரத்தை நீதிமன்ற அனுமதி இல்லாமல் விட்டுவிட்டால், பிறகு அதற்கென்று தனி வழக்குப் போட சிவில் நடைமுறைச் சட்டம் இடம் தராது. விசாரணை ஆரம்பித்த பிறகு பிராதைத் திருத்துவதும் லேசில் நடக்காது, எவ்வளவு கவனமாக இருந்தும் முன்பே கேட்க முடியாமல் போனது ஏன் என்று காட்டியாக வேண்டும்.

ஆவணங்களைப் பொறுத்தவரை ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் நீங்கள் நிரூபிக்க வேண்டியவை: சொத்து எப்படி வந்தது, யார் அனுபவத்தில் இருந்தது, சுவர் எப்போது எழும்பியது. வலது பக்கம் ஒவ்வொன்றுக்கும் எந்தப் பத்திரம், எந்தச் சாட்சி, அசல் யாரிடம். வலது பக்கம் காலியாக இருக்கும் வரிதான் குறுக்கு விசாரணையில் உங்களைக் கவிழ்க்கப்போகிற வரி. தாய்ப்பத்திரம் வங்கியில் அடமானத்தில் இருந்தால் அதை வரவழைக்க மனு போட வேண்டிவரும், அதை இப்போதே வக்கீலிடம் சொல்லுங்கள். நீங்கள் நம்பியிருக்கும் ஒப்பந்தம் ஏதாவது குறைவான முத்திரைத்தாளில் இருந்தால், பற்றாக்குறையும் அபராதமும் கட்டாமல் அதைச் சான்றாவணமாகக் குறியிட முடியாது, சாட்சிக்கூண்டில் நிற்கும்போது அது தெரியவந்தால் அன்றைய வாய்தா போச்சு.

வழக்கு எண் ஆனதும் பேட்டா (சம்மன் அனுப்பும் கட்டணம்) கட்டியாகிவிட்டதா, பிரதிவாதியின் விலாசம் சரியா என்று நீங்களே கேளுங்கள். சம்மன் சார்வாகாமலே (பிரதிவாதி கையில் போய்ச் சேராமலே) திரும்பத் திரும்ப வாய்தா போகும் வழக்குகள் ஏராளம். அட்வகேட் கமிஷனர் (நீதிமன்றம் நியமிக்கும் வக்கீல்) நேரில் பார்த்து சர்வேயர் உதவியோடு அளக்க வேண்டும் என்றால் அந்த மனுவை ஆரம்பத்திலேயே போடுங்கள். அப்புறம், வக்கீல்களே அதிகம் பயன்படுத்தாத ஒன்று: இந்தப் பத்திரம் உண்மையானதுதான் என்று ஒப்புக்கொள்ளச் சொல்லி எதிர்தரப்புக்கு நோட்டீஸ் கொடுக்கலாம். காரணமில்லாமல் மறுத்தால், வழக்கின் முடிவு எதுவானாலும் அதை நிரூபிக்கும் செலவு பொதுவாக அவர் தலையில் விழும். ஒப்புக்கொண்டால் ஒரு சாட்சி மிச்சம்.

நடுவில் பிரதிவாதி இறந்துவிட்டால் 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க மனு போட வேண்டும், இல்லையேல் அவரைப் பொறுத்தவரை வழக்கு அற்றுப்போகும். ஒவ்வொரு வாய்தாவிலும் என்ன நடந்தது என்பதை 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை (வழக்குக்குத் தரப்படும் தனி அடையாள எண்) வைத்து இ-கோர்ட்ஸ் செயலியில் பார்க்கலாம். பாருங்கள்.

கேள்வி: கடன் பாக்கி என்று என்மேல் வழக்குப் போட்டு சம்மன் வந்திருக்கிறது. பாதிப் பணத்தைக் கொடுத்துவிட்டேன். "ரெண்டு மூணு வாய்தா போகட்டும், மெதுவா பதில் போடலாம்" என்கிறார் தெரிந்த ஒருவர்.

பதில்: அவர் பேச்சைக் கேட்காதீர்கள். சம்மன் சார்வான நாளிலிருந்து 30 நாளுக்குள் எதிருரை (உங்கள் எழுத்துப்பூர்வ பதில்) தாக்கல் செய்ய வேண்டும், நீதிமன்றம் காரணம் பதிவு செய்து 90 நாள் வரை நீட்டிக்கலாம். அதற்கு மேல் சாதாரண வழக்கில் அனுமதி கிடைப்பதுண்டு, ஆனால் அது நீதிபதியின் விருப்புரிமை, உங்கள் உரிமை இல்லை. எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு (நீங்கள் இல்லாமலே உங்களுக்கு எதிரான தீர்ப்பு) ஆகிவிட்டால் அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான். எதிருரையில் "எல்லாம் பொய்" என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள், குறிப்பாக மறுக்காத சங்கதி ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளப்படும். எந்தத் தேதியில் எவ்வளவு, ரொக்கமா வங்கி வழியா, ரசீது உண்டா என்று எழுதுங்கள். பாதிப் பணம்தான் பாக்கி என்றால் சமரச மையத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை.

கேள்வி: வாட்ஸ்அப் உரையாடலைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் போதுமா?

பதில்: போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழும் இணைக்க வேண்டும், அதில் ஒரு பகுதியை நீங்களும் இன்னொரு பகுதியை நிபுணரும் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அந்தப் போனை விற்கவோ, உரையாடலை அழிக்கவோ வேண்டாம்.