பழைய ஒட்டோ வான்: கியர் பொக்ஸ் கேள்வி பதில்

டொல்பின், டவுன்ஏஸ், கெரவன் என்று பழைய ஒட்டோ வான் (தானாகக் கியர் மாறும் வான்) ஓட்டுபவர்கள் கேட்கலாம். கேட்பவரின் ஊர் முன்னால் இருக்கும், அடியில் என் பதில். கியர் பொக்ஸ் மட்டும்.

ஏறாவூர்: அண்ணன், காலையில் 'டி' போட்டால் இரண்டு மூன்று செக்கன் கழித்துத்தான் வான் நகர்கிறது. பொக்ஸ் போய்விட்டதா?

அவசரப்படாதீர்கள் தம்பி. முதலில் ஒயில் அளவு. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்த்தால் பிழையாகக் காட்டும். கொஞ்சத் தூரம் ஓடிச் சூடேற்றி, சமதரையில் ஹேண்ட்பிரேக் இழுத்து, பிரேக்கை மிதித்தபடி எல்லாக் கியருக்கும் ஒருமுறை போய் 'பி'க்கு வாருங்கள். எஞ்சின் ஓடும்போதே டிப்ஸ்டிக்கை (ஒயில் அளக்கும் கம்பியை) இழுத்துத் துடைத்துப் பாருங்கள். ஒயில் குறைந்திருந்தால் பம்ப் காற்றை இழுக்கும், அழுத்தம் ஏறத் தாமதமாகும். அளவு சரியென்றால் உள்ளே சீல்கள் இறுகியிருக்கலாம். டிப்ஸ்டிக்கை மணந்தும் பாருங்கள். கருகின வாடை நல்லதல்ல.

கல்முனை: என்ன ஒயில் போடுவது?

பல வான்களில் டிப்ஸ்டிக்கிலேயே அடித்திருக்கும். டெக்ஸ்ரன் 2 என்றிருந்தால் டெக்ஸ்ரன் 3 போடலாம். "எல்லாத்துக்கும் ஒரே ஒயில்தான்" என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள்.

காத்தான்குடி: ஏசி குளிர் போதவில்லை.

ஏசிக்காரரிடம் போங்கள்.

சம்மாந்துறை: மாற்றாத பழைய ஒயிலை மாற்றினால் பொக்ஸ் போய்விடுமாம். எங்கள் காக்காவின் (அண்ணனின்) வானுக்கு மாற்றி ஒரு மாதத்தில் படுத்துவிட்டது.

மாற்றுவதற்கு முன் எப்படி ஓடியது? ஏற்றத்தில் எஞ்சின் கத்தியும் வான் ஏறாமல் நின்றிருக்கும். அதனால்தான் கராஜுக்கே போயிருப்பார். கிளட்ச் தட்டுகள் தேய்ந்த பொக்ஸுக்குப் புது ஒயில் உயிர் கொடுக்காது. நன்றாக மாறும் பொக்ஸென்றால் பயமில்லாமல் மாற்றலாம். ஆனால் மெஷின் பிடித்து அழுத்தத்தில் கழுவ விடாதீர்கள், அடியில் படிந்த தூள் கிளம்பி வால்வு பொடியை (ஒயிலைத் திருப்பிவிடும் வால்வுகள் இருக்கும் பாகத்தை) அடைக்கும். சம்பை (பொக்ஸின் அடித் தட்டை) திறந்தால் பாதிக்கும் குறைவாகத்தான் வரும், மிச்சம் எஞ்சினையும் பொக்ஸையும் இணைக்கும் கொன்வேட்டரில் நிற்கும். வந்ததை அளந்து அதே அளவு ஊற்றி, சில வாரம் ஓடி, திரும்பவும் செய்யுங்கள். பில்டரையும் பாருங்கள்.

சம்மாந்துறை: ஏற்றத்தில் கத்தியது உண்மைதான். ஆனாலும் ஓடிக்கொண்டிருந்ததே!

செங்கலடி: என்னுடையது மாற்றியபிறகு நன்றாக ஓடுகிறது. உங்கள் காக்கா மெஷினில் கழுவினாரா?

சம்மாந்துறை: ...கழுவினார்தான். கராஜ் பாஸ் சொன்னார்.

பிறகு என்ன ஒயிலைக் குறை சொல்கிறீர்கள்?

அம்பாறை: பதுளைப் பக்கம் ஹயர் போனால் இறக்கத்தில் 'என்' (நியூட்ரல்) போட்டு விடுகிறேன். டீசல் மிச்சம்தானே?

மிச்சமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் பம்ப் டீசலை நிறுத்திவிடும். 'என்'னில் எஞ்சின் தனக்காகக் குடித்துக்கொண்டே இருக்கும், பிரேக் மட்டும் சூடேறும். ஓவர் டிரைவை (மேல் கியரை) நிறுத்துங்கள், போதாவிட்டால் '2'. ஏற்றத்திலும் கியர் மாறி மாறித் தடுமாறினால் ஓவர் டிரைவை நிறுத்துங்கள், ஒயில் சூடு குறையும்.

வாழைச்சேனை: மாரி வெள்ளத்தில் பொக்ஸ் மூழ்கிவிட்டது.

ஸ்டார்ட் பண்ண வேண்டாம். பிரீதர் (காற்றுத் துளை) வழியாகத் தண்ணீர் போயிருக்கும், அது கிளட்ச் தட்டின் பசையை இளக்கிவிடும். ஒயிலைக் கழற்றிப் பாருங்கள். பால் நிறமென்றால் பொக்ஸைத் திறந்துதான் ஆக வேண்டும்.

அக்கரைப்பற்று: என்ன ஒயில் நல்லது?

கல்முனைக்குச் சொன்னேன்.

களுவாஞ்சிக்குடி: பற்றரி இறங்கினால் தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா?

ஒட்டோவில் நடக்காது. எஞ்சின் ஓடாமல் பொக்ஸின் பம்ப் வேலை செய்யாது, உள்ளே ஒயில் சுற்றாது. அதனால்தான் கட்டி இழுக்கவும் கூடாது. புரொப்பெல்லர் ஷாப்டைக் கழற்றுங்கள், அல்லது பின்சில்லைத் தூக்கி இழுங்கள்.

பொத்துவில்: ரேடியேற்றர் தண்ணீர் ஸ்ட்ரோபெரி பால் மாதிரி இருக்கிறது.

ஓடாதீர்கள். கியர் ஒயில் குளிரும் குழாய் ரேடியேற்றருக்குள் இருக்கிறது, அது உடைந்திருக்கும். ரேடியேற்றர் மாற்றும்போது மெனுவல் வானுடையதை வாங்கிவிடாதீர்கள், அதில் அந்தக் குழாய் இராது. பொக்ஸுக்குள்ளும் தண்ணீர் போயிருக்கும், வாழைச்சேனைக்குச் சொன்னது உங்களுக்கும்.

மருதமுனை: அண்ணன், என்ன ஒயில்...

டிப்ஸ்டிக்!

சம்மாந்துறை: காக்கா இப்போது மெனுவல் வான் பார்க்கிறார்.

நல்லது. கிளட்ச் கேள்விக்கு வேறு ஆளைப் பிடியுங்கள்.