சின்ன கிளாஸ் டீச்சர், ஸ்பெஷல் டீச்சர் ஆகப் போறவங்களோட கேள்விகளுக்கு என் பதில்

கேள்வி: மேடம், ஆரம்பப் பள்ளி, ஸ்பெஷல் எஜுகேஷன் ரெண்டுக்கும் சேர்த்துப் படிக்கிறேன், எதுக்கு அதிகமா தயாராகணும்?

பதில்: பிரிச்சுப் பார்க்காதீங்கம்மா. 1994ல ஸ்பெயின் நாட்டு சாலமன்கா நகரத்துல நடந்த சிறப்புக் கல்வி மாநாட்டுல 92 நாட்டு அரசுப் பிரதிநிதிங்க கூடி, முடிஞ்ச வரைக்கும் மாற்றுத்திறனாளி பிள்ளைங்க உட்பட எல்லா பிள்ளைங்களையும் வழக்கமான பள்ளியிலயே சேர்க்கணும்னு சொல்லிட்டாங்க, அதனால எந்த கிளாஸுக்குப் போனாலும் ரெண்டுமே வேணும்.

கேள்வி: வாசிப்பு சொல்லிக் குடுக்க எங்க ஆரம்பிக்கறது?

பதில்: காதுல. 'படம்'ல 'ப' எடுத்துட்டா மிச்சம் என்னன்னு கேளுங்க, 'டம்'னு சொல்ல வருதான்னு பாருங்க. டிஸ்லெக்ஸியா (வாசிக்கிறதுல வர்ற சிரமம்) உள்ள நிறைய பிள்ளைங்க திணர்றது இந்த ஒலியிலதான், கண்ணுல இல்ல. எழுத்தைத் திருப்பிப் போடறது 5, 6 வயசுல சகஜம், அத மட்டும் வச்சு முடிவு கட்டாதீங்க.

கேள்வி: பிராக்டிஸ் போற கிளாஸ்ல ஒரு பையன் நோட்டைத் தூக்கி வீசறான், எல்லாரும் அடங்காதவன்னு சொல்றாங்க. நான் என்ன செய்யட்டும் அக்கா?

பதில்: அந்த வார்த்தைய உங்க நோட்ல ஏத்தாதீங்கப்பா, கண்ணால பார்த்தத மட்டும் எழுதுங்க. "10.20க்கு கணக்கு நோட்டை எடுக்கச் சொன்னாங்க, 2 நிமிஷத்துல வீசினான், வெளிய அனுப்பினாங்க." முன்னாடி என்ன நடந்துச்சு, அவன் என்ன செஞ்சான், அதுக்கப்புறம் என்ன ஆச்சு, இந்த மூணையும் ஒரு வாரம் எழுதிப் பாருங்க, கணக்கு நேரத்துல மட்டும்தான் வீசறான்னா வெளிய அனுப்பறது அவனுக்கு தண்டனையே இல்ல, கணக்குலருந்து தப்பிக்க வழி. அப்போ 10 கணக்குக்கு பதிலா 3 குடுத்துப் பாருங்க, 'கொஞ்சம் நேரம் வேணும்'னு காட்ட ஒரு அட்டை குடுத்து, அவன் காட்டினா உடனே மதிங்க. நான் முதல் வருஷம் ஒரு பொண்ண சோம்பேறின்னு ரிப்போர்ட்ல எழுதிட்டேன், அவளுக்கு ஒரு காது கேக்கலன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது, இன்னிக்கும் மனசு உறுத்துது.

கேள்வி: நான் கேள்வி கேட்டா கிளாஸே கம்முனு இருக்கு.

பதில்: எத்தனை செகண்ட் காத்திருந்தீங்க? மேரி பட் ரோங்கற அமெரிக்க கல்வி ஆய்வாளர் ஆராய்ஞ்சப்போ டீச்சர்கள் சராசரியா 1 செகண்ட் கூட விடறதில்லன்னு தெரிஞ்சுது, 3 செகண்ட் விட்டா பதில் நீளமா வருது. மனசுக்குள்ள எண்ணுங்க.

கேள்வி: பெற்றோர்கிட்ட பேச பயமா இருக்கு.

பதில்: பிள்ளைக்கு என்ன வருதுன்னு சொல்லி ஆரம்பிங்க, அப்புறம் "வீட்ல எப்போ அமைதியா இருப்பான்?"னு கேளுங்க, அவங்க சொல்றத அவங்க முன்னாடியே எழுதிக்கோங்க.