விரல் வீங்கவில்லை, சரி, கண்ணைப் பார்த்தீர்களா?

கேள்வி: புளோரிடாவில் இருக்கிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் என் அப்பா (வயது 66) வீட்டுக்குப் பின்னால் செடிகளுக்கு அடியில் கிடந்த சருகை வெறுங்கையால் அள்ளியபோது, சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாக வளையம் போட்ட ஒல்லியான பாம்பு ஒன்று சுண்டுவிரலைக் கவ்வியது. உதறியதும் விட்டுவிட்டது. வீக்கம் இல்லை, வலியும் அதிகமில்லை. நெட்டில் பார்த்துவிட்டு ஐஸ் வைத்தோம். ஐந்து மணி நேரம் கழித்துக் கண் சொருகிப் பேச்சு குழறியதும் மருத்துவமனைக்கு ஓடினோம். பவளப் பாம்பு என்றார்கள். ஆன்டிவெனம் போட்டு, நான்கு நாள் ஐ.சி.யூ.வில் வைத்திருந்து அனுப்பினார்கள். இன்று ஒன்பதாம் நாள். விரலில் மதமதப்பு, வாய்க்கசப்பு, அசதி. சாயங்காலமானால் கண் பாதி மூடிக்கொள்கிறது. விஷம் உடம்பில் தங்கி மறுபடி கிளம்பும் என்று படித்தேன். சாப்பாட்டில் உப்பு சேர்க்கலாமா? ஊரிலிருந்து பாம்புக்கடி மருந்து வரவழைத்து வைத்துக்கொள்ளலாமா? அடுத்த மாதம் அவர் விமானம் ஏறலாமா? தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று இரவில் நாலைந்து தடவை எழுந்து பார்க்கிறேன்.

பதில்: கடைசி வரியைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். உப்பும் வாய்க்கசப்பும் அதைச் சொல்லத் தயங்கி வந்தவை. எனவே அதற்கே முதல் பதில்: ஐ.சி.யூ.வில் தேறி, தானே நடந்து, தானே சாப்பிட்டு வீட்டுக்கு வந்த ஒருவருக்கு ஒன்பதாம் நாள் இரவில் பவளப் பாம்பின் விஷம் திடீரென்று கிளம்பி மூச்சை நிறுத்தாது. விஷம் எங்கேயும் ஒளிந்திருந்து நாள் பார்த்து வெளியே வருவதில்லை. இன்றிரவு தூங்குங்கள்.

அப்படியானால் சாயங்காலம் கண் ஏன் மூடுகிறது? இந்த விஷம் நரம்பு தசைக்கு உத்தரவு கொடுக்கும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. நரம்பு கத்திக்கொண்டே இருக்கும். தசைக்குக் காது கேட்காது. ஆன்டிவெனம் ரத்தத்தில் சுற்றும் விஷத்தைப் பிடித்து மேற்கொண்டு சேதம் ஆகாமல் தடுக்கும். ஏற்கெனவே உட்கார்ந்துவிட்ட விஷத்தை அதனால் சட்டென்று கிளப்ப முடியாது. அந்த இடங்கள் தாமாகச் சரியாக வேண்டும், அதற்குச் சில நாளும் ஆகும், சில வாரமும் ஆகும். காலையில் திறந்திருக்கும் கண் சாயங்காலம் களைப்பது அந்த மிச்சம்தான். நாளுக்கு நாள் குறைகிறதா என்று மட்டும் பாருங்கள்.

எப்படிப் பார்ப்பது? நான் வார்டில் செய்வதையே சொல்கிறேன். அப்பாவை வெளிச்சத்தைப் பார்க்க உட்காரவைத்து, தலையை அசைக்காமல் கூரையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் அப்படியே பார்க்கட்டும். நெற்றியில் உங்கள் கட்டைவிரலை லேசாக வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் புருவத்தைத் தூக்கி இமைக்கு முட்டுக்கொடுத்துவிடுவார். எல்லா நோயாளிகளும் தங்களை அறியாமல் செய்கிற வேலை அது. வெறும் தூக்கக் கலக்கம் என்றால், கூப்பிட்டதும் இமை முழுக்க ஏறி அங்கேயே நிற்கும். தசை பலவீனம் என்றால் அந்த ஒரு நிமிடத்துக்குள் திரை இறங்குவதுபோல மெல்லக் கீழே வரும். அப்புறம் ஒரு தடவை மூச்சை இழுத்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். இன்று எத்தனை வரை போகிறார் என்று குறித்துக்கொண்டு நாளைக்கு ஒப்பிடுங்கள். இதை ஒரு நாளைக்கு ஒரு தடவை செய்தால் போதும். மணிக்கொரு தரம் கூரையைப் பார்க்கச் சொன்னால் விஷம் இல்லாமலே அவருக்குக் கழுத்து வலி வரும்.

தேறிக்கொண்டே வந்தவருக்கு மறுபடி பின்னுக்குப் போனால், அதாவது குரல் மூக்கால் வந்தால், தண்ணீர் விழுங்கும்போது புரையேறினால், பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தால், தாமதிக்காமல் 911 கூப்பிடுங்கள். அது பாம்பாக இல்லாமல் ஸ்ட்ரோக்காக இருக்கலாம், மயஸ்தீனியா என்கிற தசைநோயாக இருக்கலாம். 66 வயதில் ‘பாம்பு கடித்ததால்தான்’ என்று எல்லாவற்றையும் பாம்பின் தலையில் கட்டிவிட்டு வீட்டில் இருந்துவிடக் கூடாது.

இனி நீங்கள் கேட்காததைச் சொல்கிறேன். அந்த ஐந்து மணி நேரம். திட்டுவதற்காக எடுக்கவில்லை, இதைப் படிப்பவர்களில் இன்னொருவர் அதையே செய்யப் போகிறார் என்பதால் எடுக்கிறேன்.

பாம்புக்கடி என்றதும் நாம் எல்லோரும் காயத்தைத்தான் பார்க்கிறோம். வீங்கியிருக்கிறதா, நீலம் பாரித்ததா, இரண்டு பல் பதிந்திருக்கிறதா. கண்ணாடிவிரியனுக்கு அது சரி. பவளப் பாம்பு நாகம், கட்டுவிரியன் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் விஷப்பல் சின்னது, வாயின் முன்பக்கம் மடங்காமல் நிற்பது. பதிந்த இடம் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். வீக்கம் இருக்காது, அல்லது பேருக்கு இருக்கும். கை விரல் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும்போது விஷம் தன் வேலைக்குப் போய்விடுகிறது. அறிகுறி தெரியப் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகலாம். ஆரம்பித்துவிட்டால் அதற்கப்புறம் நிதானம் கிடையாது. அதனால்தான் பவளப் பாம்பு என்று சந்தேகம் வந்தாலே, ஆள் நன்றாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாலும், 24 மணி நேரம் மருத்துவமனையில் படுக்கவைத்துப் பார்க்கிறோம்.

முதலில் விழுவது பெரும்பாலும் கண்ணிமை. அது சின்னத் தசை, விழித்திருக்கும் நேரமெல்லாம் ஓய்வில்லாதது. அடுத்து இரட்டைப் பார்வை, நாக்கு தடித்ததுபோன்ற பேச்சு, எச்சில் விழுங்க முடியாமை, தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமை. கடைசியில் மூச்சுத் தசைகள். இந்த வரிசையில் இமையைத் தவறவிட்டால் அப்புறம் அவகாசம் கொஞ்சம்தான். இமை விழும்வரை வீட்டில் காத்திருக்கலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. காத்திருப்பதை மருத்துவமனைக் கட்டிலில் காத்திருங்கள்.

இந்த இமைப் பாடத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தது புத்தகம் அல்ல. ஹவுஸ் சர்ஜனாக இருந்த காலத்தில், விடியற்காலை நாலரை மணிக்கு வயிற்று வலி என்று ஒரு பெண்ணைத் தூக்கி வந்தார்கள். வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு அல்சர் என்று நினைத்து ஊசி எழுதினேன். ஊசி போடப் போன நர்ஸ் அக்கா திரும்பி வந்து, “டாக்டர், அந்தம்மா என்னைப் பார்க்கிறதுக்குத் தலையை அண்ணாந்துக்கிட்டே இருக்காங்க, கண்ணு தொறக்கலை” என்றார். இமையைத் தூக்க முடியாததால், இருக்கிற இடுக்கு வழியாகப் பார்க்க முகத்தைத் தூக்கியிருக்கிறார். தரையில் படுத்துத் தூங்கியவர், கட்டுவிரியன். காயம் எங்கே என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை. வென்டிலேட்டரில் போட்டு, பிழைத்து வீட்டுக்குப் போனார்.

அவர் பிழைத்தபின் சொன்னது இன்னொன்று உண்டு. குழாய் போடும் முன் கட்டிலருகே உறவினர் ஒருவர் “முடிஞ்சிபோச்சு” என்று அழுதது முழுக்க அவர் காதில் விழுந்திருக்கிறது. இந்த விஷம் தசையைத்தான் கட்டுகிறது, மூளையைத் தொடுவதில்லை. கண் திறக்காமல், விரல் அசையாமல் கிடப்பவர் உள்ளே விழித்திருப்பார். பவளப் பாம்பிலும் அப்படியே. மூச்சுக்கு இயந்திரம் இருந்தால் ஆன்டிவெனம் கிடைக்காத இடத்தில்கூட ஆளைக் காப்பாற்றிவிட முடியும். பக்கத்தில் இருப்பவர்கள் பேச்சை மட்டும் கொஞ்சம் பார்த்துப் பேச வேண்டும்.

நீங்கள் நெட்டில் படித்தது என்ன என்று எனக்குத் தெரியும். ‘பவளப் பாம்பு மென்றால்தான் விஷம் ஏறும், உதறிவிட்டால் ஒன்றுமில்லை’. தப்பு. சற்று நேரம் கவ்வினாலும் போதும் என்பதற்கு உங்கள் அப்பாவே சாட்சி. சில கடிகளில் விஷம் இறங்காது என்பதும் உண்மைதான். எது அந்தக் கடி என்று சோபாவில் உட்கார்ந்து சொல்ல முடியாது. அடுத்தது, ‘சிவப்பும் மஞ்சளும் ஒட்டியிருந்தால் விஷம், சிவப்பும் கறுப்பும் ஒட்டியிருந்தால் இல்லை’ என்கிற அமெரிக்கப் பாட்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டுக்குள் பெரும்பாலும் பலிக்கும். தென் அமெரிக்காவுக்குப் போனால் பலிக்காது, அங்கே பவளப் பாம்புகளின் வளைய வரிசையே வேறு. நிறம் மாறிப் பிறக்கும் பாம்புகளும் உண்டு. கடிபட்ட பதற்றத்தில் வளையம் எண்ணுவது நடக்கிற காரியமா? தூரத்திலிருந்து ஒரு படம் எடுங்கள், போதும். அடித்துப் பையில் போட்டுக் கொண்டுவர வேண்டாம். வெட்டிய தலையும் கடிக்கும்.

2006-ல் அதே புளோரிடாவில் ஒருவர் பவளப் பாம்பு கடித்தும் மருத்துவரிடம் போகாமல் இருந்துவிட்டு இறந்தார். அந்த நாட்டில் அதற்கு முந்தைய நாற்பது ஆண்டுகளில் பவளப் பாம்புக் கடியால் இறப்பு என்று உறுதியாகப் பதிவானது எதுவும் இல்லை. அவ்வளவு அரிது. மருத்துவமனைக்குப் போனவர்கள் பிழைக்கிறார்கள் என்பதே காரணம்.

ஐஸ், கயிறு, பிளேடு, வாய் வைத்து உறிஞ்சுதல், மஞ்சள் பற்று, சாராயம், எதுவும் வேண்டாம். மோதிரத்தைக் கழற்றுங்கள், கையை அசைக்காமல் வையுங்கள், கிளம்புங்கள். அமெரிக்காவில் விஷத் தகவல் மையம் 1-800-222-1222 என்ற எண்ணில் எந்நேரமும் எடுக்கும். அந்த எண்ணைக் குறித்து வையுங்கள், காரணம் இருக்கிறது. பவளப் பாம்புக்கான ஆன்டிவெனம் எல்லா மருத்துவமனையிலும் இருக்காது. தயாரித்துவந்த கம்பெனி 2003-ல் உற்பத்தியை நிறுத்தியது. கையிருப்பின் காலாவதித் தேதியை அரசு திரும்பத் திரும்பத் தள்ளிவைத்தே சில ஆண்டுகள் ஓடின; அதன் பிறகுதான் புது மருந்து வந்தது. கிலுகிலுப்பைப் பாம்புக்குப் போடும் மருந்து இதற்கு வேலை செய்யாது. எங்கே மருந்து இருக்கிறது என்று கண்டுபிடிப்பதில் அந்த மையம் மருத்துவமனைக்கு உதவும்.

ஊரிலிருந்து மருந்து வரவழைப்பதா? அம்மா தாயே, வேண்டாம். நம் ஊர் மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஆனது. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்பு பிடித்து எடுத்துத் தரும் விஷத்தை வைத்துச் செய்வது. அந்தப் பட்டியலில் பவளப் பாம்பு இல்லை. இருந்தாலும் அது வீட்டு ஃபிரிட்ஜில் வைத்து நாமே போட்டுக்கொள்கிற சமாச்சாரம் அல்ல. ஒவ்வாமையில் ரத்த அழுத்தம் விழுந்தால் என்ன செய்வீர்கள்?

ஒவ்வாமை என்றதும் இன்னொன்று. அப்பாவுக்குப் போட்ட மருந்து குதிரை ரத்தத்திலிருந்து எடுப்பது. போட்ட ஒன்றிரண்டு வாரத்தில் சிலருக்குக் காய்ச்சல், அரிப்போடு தடிப்பு, மூட்டு வலி வரும். ஒன்பதாம் நாள் என்பது அந்தக் கெடுவுக்குள்தான் இருக்கிறது. வந்தால் ‘விஷம் திரும்பிவிட்டது’ என்று அலற வேண்டாம், அது மருந்துக்கு உடம்பு காட்டும் முறைப்பு. மருத்துவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், மாத்திரையில் அடங்கும். கையில் இருக்கிற பழைய ஸ்டீராய்டை நீங்களாக எடுத்துக் கொடுக்காதீர்கள்.

மீதி எல்லாம் சின்ன விஷயம். மதமதப்பு போய்விடும். வாய்க்கசப்பும் அசதியும் நான்கு நாள் ஐ.சி.யூ.வில் கிடந்தவருக்கு வருவதுதான். உப்பு வழக்கம்போல. பத்தியம் எதுவும் கிடையாது. தோட்ட வேலையும் செய்யலாம், தடித்த கையுறையோடும் வாரியோடும். சருகுக்குள் கை விட வேண்டாம். சாயங்காலக் கண்சொருகல் முழுக்க நின்றபின், உங்கள் மருத்துவர் ஒருமுறை பார்த்துவிட்டால் விமானம் ஏறலாம்.

ஏறும்போது டிஸ்சார்ஜ் சம்மரியின் ஒரு பிரதி அவர் பையில் இருக்கட்டும். ஊரில் எப்போதாவது பாம்புக்கடிக்கு மருந்து போடும் நிலை வந்தால், ‘முன்பே ஒருமுறை குதிரை ஆன்டிவெனம் போட்டிருக்கிறார்கள்’ என்று அவர் முதலிலேயே சொல்ல வேண்டும். நம் ஊர் மருந்தும் குதிரையிலிருந்தே வருகிறது. இதைச் சொன்னதற்காக யாரும் மருந்தை மறுக்க மாட்டார்கள். ஊசி போடுகிறவர் ஒவ்வாமையை அடக்கும் அட்ரினலினை எடுத்துத் தட்டில் தயாராக வைத்துக்கொண்டு ஆரம்பிப்பார், அவ்வளவுதான்.