பிளாக் பட்லர் அனிமேயின் (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) இரண்டாம் சீசன் பார்க்கலாமா, விட்டுவிடலாமா?

முதல் சீசனை முடித்தவர் பார்க்கலாம், ஆனால் மூலக்கதையான மங்காவை (ஜப்பானியக் காமிக்ஸ்) மறந்துவிட்டுப் பாருங்கள். 2010இல் வந்த இந்த 12 எபிசோடுகளின் கதை யானா டொபோசோவின் மங்காவில் இல்லை, அனிமேக்கென்றே எழுதியது. (கீழே முடிவையும் சொல்லியிருக்கிறேன்.)

இதன் பெரிய பலம் அலோய்ஸ் டிரான்சி என்ற பணக்காரச் சிறுவன். முதல் எபிசோடிலேயே வேலைக்காரி ஹானாவின் கண்ணைக் குத்துகிறான். பார்த்ததும் வெறுப்புதான் வரும். அப்புறம் அவன் தன் கிராமத்தையும் தம்பி லூக்காவையும் இழந்த கதை தெரியவரும்போது, அந்தக் கொடூரத்துக்கு அடியில் அன்புக்கு ஏங்கும் பையன் தெரிகிறான். முதல் எபிசோடில் பெட்டியோடு வரும் அந்நியன் யார் என்று தெரியும் இடமும் அருமை.

கோளாறு எங்கே என்றால், இவ்வளவு கவனமாக வளர்த்த அலோய்ஸைப் பாதியிலேயே ஓரங்கட்டி, முதல் சீசனின் நாயகச் சிறுவன் சியெலின் ஆன்மாவுக்காக, அவனுடைய பிசாசு பட்லர் செபாஸ்டியனும் அலோய்ஸின் பிசாசு பட்லர் க்ளாடும் இழுத்துப்பிடிக்கும் சண்டையாகக் கதை சுருங்கிவிடுகிறது. துப்பறியும் பகுதி ஊறுகாய் அளவுதான். க்ளாடும் செபாஸ்டியனின் நகல்போலவே இருக்கிறான், அந்தக் குறும்பு மட்டும் இல்லை. முதல் சீசனின் கனமான முடிவைக் கலைத்துவிட்டார்களே என்ற வருத்தமும் எனக்கு உண்டு.

ஆனால் கடைசித் திருப்பம் பிடித்திருந்தது. சியெலே பிசாசாகிவிடுகிறான், சண்டையில் ஜெயித்த செபாஸ்டியனுக்கு ஆன்மா கிடைக்காமல், காலமெல்லாம் சேவகம்தான்!

2014இல் வந்த அடுத்த சீசன் ‘புக் ஆஃப் சர்க்கஸ்’ இதைக் கண்டுகொள்ளாமல் மங்காவுக்கே திரும்பிவிட்டது. நேரம் இல்லையென்றால் நேராக அதற்குப் போங்கள், ஒன்றும் புரியாமல் போகாது.